நம் கடைப் பெயரில் வந்த கள்ளக் கடிதம்



வரி, லைசென்ஸ், தராசு முத்திரை, சரக்கு நிலவரம் என்று நம் இதழில் எழுதுவதற்கு விவரம் தெரிந்த பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்திருப்பது இ-மெயிலைப் பற்றி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு 1976-ல் விருதுநகரில் அப்பாவின் பருப்பு, வற்றல் மொத்தக் கடையில் உட்கார்ந்தவனுக்கு இதில் என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 92,000 ரூபாய் ஃபீஸ் கட்டிப் படித்த படிப்பு இது. உங்களுக்கு இலவசமாகச் சொல்கிறேன்.

2022 தீபாவளி கழிந்து இரண்டு வாரம் இருக்கும். தேனிப் பக்கத்திலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் போன் செய்தார். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து முப்பது வருஷ வாடிக்கை. பாக்கி என்று ஒரு நாள் கேட்க வேண்டியதில்லை.

"அண்ணாச்சி, பணம் போட்டு ஒன்பது நாள் ஆச்சு, இன்னும் ரசீது வரலையே?"

"எந்தப் பணம் தம்பி?"

"நீங்கதானே பழைய கணக்கு வேண்டாம், புதுக் கணக்குல போடுங்கன்னு மெயில் அனுப்பினீங்க? 1,84,000 போட்டேனே."

எனக்குக் கை கால் ஓடவில்லை. நாங்கள் கணக்கும் மாற்றவில்லை, மெயிலும் அனுப்பவில்லை. அவருக்கு வந்த மெயிலை எனக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் கடையின் பெயர், விலாசம், ஜி.எஸ்.டி. எண், என் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. அனுப்பியவர் என்ற இடத்தில் எங்கள் கடையின் இ-மெயில் முகவரியே இருந்தது, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. எனக்கே வந்திருந்தால் நானும் பணம் போட்டிருப்பேன்.

சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து, புகாரும் கொடுத்தோம். பணம் போன அன்றே அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. உடனே சொல்லியிருந்தால் கணக்கை முடக்கியிருக்க வழி இருந்தது, ஒன்பது நாள் என்பது ரொம்பத் தாமதம் என்றார்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டது என்று தெரிந்தால், அக்கம்பக்கத்தில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல், முதலில் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்தது, நஷ்டம் யாருடையது? மெயில் உங்கள் பெயரில்தானே வந்தது என்று அவர் சொன்னார். லட்சக் கணக்கில் பணம் போடுகிறவர் ஒரு போன் செய்து கேட்டிருக்கக் கூடாதா என்று என் மகன் சொன்னான். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பேசிப் பார்த்துவிட்டு, ஆளுக்குப் பாதி என்று முடித்தேன். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாலு மாதம் எங்களிடம் ஒரு மூட்டை உளுந்துகூட எடுக்கவில்லை. 92,000 போனதைவிட அதுதான் எனக்கு உறுத்தியது.

எப்படி நடந்தது?

என் தங்கை மகன் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், மெயில் சர்வர் பார்க்கிற வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அரை மணி நேரம் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, உங்க கடைப் பேர்ல யார் வேணும்னாலும் லெட்டர் போடலாம்னு பதினொரு வருஷமா கதவைத் திறந்து வச்சிருக்கீங்க" என்றான்.

2011-ல் கடைப் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்கினோம். டொமைன் என்கிறார்களே, அதுதான். பழைய ஆட்களுக்குத் தந்தி விலாசம் நினைவிருக்கும். தபால் தந்தி இலாகாவில் பணம் கட்டி ஒரே சொல்லில் ஒரு விலாசம் பதிந்து வைத்துக்கொண்டால், ஊர்ப் பெயரோடு அந்த ஒரு சொல்லைப் போட்டாலே தந்தி கடைக்கு வந்து சேரும். 2013 ஜூலையில் தந்தி சேவையே நின்றுபோனது. டொமைனும் அதே மாதிரிதான், பதிந்தவருக்கே சொந்தம். வித்தியாசம் என்னவென்றால், உங்கள் பெயரைப் போட்டு அடுத்தவன் மெயில் அனுப்புவதை அந்தப் பதிவு மட்டும் தடுக்காது.

காரணம் பழையது. இன்றைக்கும் மெயில் போகிற முறைக்கு அடிப்படை, அமெரிக்காவில் ஜான் போஸ்டல் என்பவர் 1982-ல் எழுதிய விதிகள். அன்றைக்கு அந்த வலையில் இருந்தவை பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அனுப்புகிறவர் இன்னார்தானா என்று சோதிக்க அதில் ஏற்பாடு எதுவும் வைக்கவில்லை. அஞ்சல் அட்டையில் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? அதே கதைதான்.

எங்கள் பக்கம் இன்னொரு தவறும் இருந்தது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் கடைப் பையன் விலைப்பட்டியலை 340 வாடிக்கையாளருக்கும் ஒரே மெயிலாக அனுப்பியிருக்கிறான். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் மறைத்து அனுப்ப 'பி.சி.சி.' என்று தனிக் கட்டம் இருக்கிறது. அவன் எல்லா முகவரிகளையும் 'டூ' கட்டத்தில் போட்டுவிட்டான். அப்பா நாற்பது வருஷம் சேர்த்த வாடிக்கையாளர் பட்டியலை நோட்டீஸ் அடித்து 340 பேருக்குக் கொடுத்த மாதிரி ஆயிற்று! அதில் எங்கிருந்தோ ஒரு பிரதி திருடன் கைக்குப் போயிருக்க வேண்டும். கணக்கு மாற்றிய கள்ள மெயில் எங்கள் வாடிக்கையாளர்களில் வேறு பலருக்கும் போயிருந்தது என்று விசாரித்தபோது தெரிந்தது. ஜிமெயில் வைத்திருந்தவர்களுக்கு அது ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. தேனிக்காரர் மலிவாக ஒரு கம்பெனியில் மெயில் பெட்டி வாங்கி வைத்திருந்தார். அங்கே வடிகட்டுகிற ஏற்பாடு சரியில்லாததால் நேரே இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்துவிட்டது.

வசூல் ஆள், சீல், உத்தரவு

பையன் மூன்று பூட்டுகள் போட்டுக் கொடுத்தான். அவன் சொன்ன பெயர்கள் எனக்கு வாயில் நுழையவில்லை. நம் தொழில் பாஷையில் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலாவது எஸ்.பி.எஃப். அப்பா காலத்தில் லைன் வசூலுக்குப் புது ஆளைப் போட்டால், அந்த லைனில் உள்ள எல்லாக் கடைக்கும் "நம் கடை சார்பில் இன்னார், இன்னார் மட்டுமே வசூலுக்கு வருவார்கள், வேறு எவரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்" என்று கடிதம் போடுவோம். எஸ்.பி.எஃப். அந்தக் கடிதம்தான். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமை உள்ள சர்வர்கள் எவை என்று ஒரு வரியில் எழுதி, டொமைன் பதிவில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட வேண்டும். மெயிலை வாங்குகிற கம்பெனி, வந்த சர்வர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது டி.கே.ஐ.எம். இது மூட்டைக்கு வைக்கிற ஈய சீல் மாதிரி. மெயில் புறப்படும்போது எங்கள் சர்வர், எங்களிடம் மட்டும் இருக்கிற இரகசியச் சாவியால் ஒரு முத்திரை குத்துகிறது. அதைச் சரிபார்க்கிற இன்னொரு சாவி டொமைன் பதிவில் வெளிப்படையாக இருக்கிறது. வழியில் யாராவது கடிதத்தில் கணக்கு எண்ணை மாற்றினால் சீல் உடைந்தது தெரிந்துபோகும். முதல் பூட்டோடு நின்றால் போதாதா என்று கேட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் நம் மெயிலைத் தானாகவே ஆடிட்டருக்குத் திருப்பி விடுகிற மாதிரி ஏற்பாடு செய்திருந்தால், அது வேறு சர்வர் வழியாகப் போகும். அந்த சர்வர் நம் பட்டியலில் இராது. அப்போது சீல்தான் கை கொடுக்கும் என்றான். லாரி மாறினாலும் மூட்டை நம்முடையதுதான் என்று சீல் சொல்லும் அல்லவா?

மூன்றாவது டி.மார்க். எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். மெயிலில் அனுப்புநர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறதாம். கவருக்கு வெளியே ஒன்று, உள்ளே கடிதத் தலைப்பில் ஒன்று. நாம் படிக்கும்போது கண்ணில் படுவது உள்ளே இருப்பது. எஸ்.பி.எஃப். சோதிப்பதோ கவருக்கு வெளியே இருப்பதை. திருடன் கவரில் தன் சொந்தப் பெயரைச் சரியாக எழுதிவிட்டு, உள்ளே நம் லெட்டர் பேடைச் செருகினால் முதல் சோதனையில் தேறிவிடுவான். டி.மார்க் வைத்தால், உள்ளே இருக்கிற பெயரும் வசூல் ஆள் பட்டியலோ சீலோ காட்டுகிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் என்ன செய்வது என்ற உத்தரவையும் நாமே அதில் எழுதி வைக்கலாம். மூன்று விதமான உத்தரவு உண்டு. ஒன்று, வாங்கிக்கொள்ளுங்கள், எங்களுக்குத் தகவல் மட்டும் சொல்லுங்கள் என்பது. இரண்டு, ஸ்பேமில் தள்ளி ஓரமாக வையுங்கள் என்பது. மூன்று, வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள் என்பது.

எனக்கு இருந்த கோபத்தில் நேராக மூன்றாவதைப் போடு என்றேன். அவன் கேட்கவில்லை. முதல் மூன்று வாரம் வெறும் தகவல் மட்டும் வாங்கிப் பார்த்தான். நல்ல வேளை! எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த கம்பெனியின் சர்வரும் எங்கள் பெயரில் பில் அனுப்பிக்கொண்டிருந்தது அந்த அறிக்கையில்தான் தெரிந்தது. அதை நாங்கள் பட்டியலில் சேர்த்திருக்கவில்லை. எடுத்த எடுப்பில் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தால் எங்கள் பில்களே வாடிக்கையாளர் வாசலிலிருந்து திரும்பி வந்திருக்கும். அதைச் சேர்த்து, இரண்டு மாதம் இரண்டாவது உத்தரவில் ஓட்டி, பிறகுதான் மூன்றாவதுக்குப் போனோம்.

செலவு என்று பார்த்தால், இந்த மூன்று பதிவுகளுக்கும் தனிக் கட்டணம் கிடையாது. டொமைன் வாங்கிய இடத்தில் போய் எழுதி வைக்க வேண்டியதுதான். தெரிந்தவர் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

இது போட்டுவிட்டால் திருட்டே நடக்காது என்று நினைக்காதீர்கள். நம் பெயர் மாதிரியே இருக்கிற வேறு பெயரில் திருடன் ஒரு டொமைன் வாங்கலாம். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டு எழுத்தையும் ஒட்டி எழுதினால் எம் மாதிரியே தெரிகிறது. கண்ணாடி போட்டவனுக்கும் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த டொமைனுக்கு அவன் மூன்று பூட்டையும் முறையாகப் போட்டுக்கொள்வான். அவன் மெயில் சோதனையில் தேறத்தான் செய்யும். அதனால்தான் எங்கள் பில் ஒவ்வொன்றின் அடியிலும், "எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் இ-மெயிலில் தெரிவிக்க மாட்டோம். முதலாளியே போனில் பேசுவார்" என்று அச்சடித்திருக்கிறேன்.

விலைப்பட்டியல் ஏன் போய்ச் சேரவில்லை?

பூட்டுப் போட்டாயிற்று, இனி மெயில் எல்லாம் ஒழுங்காகப் போகும் என்று இருந்தேன். வாரா வாரம் அனுப்புகிற விலைப்பட்டியல் பாதிப் பேருக்கு ஸ்பேமில்தான் விழுந்துகொண்டிருந்தது. முத்திரையெல்லாம் சரியாக இருந்தும் ஏன்?

ஸ்பேம் என்ற பெயரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். அமெரிக்காவில் ஹார்மெல் கம்பெனி 1937 முதல் விற்கிற டப்பா இறைச்சியின் பெயர் அது. இங்கிலாந்தில் மான்டி பைத்தான் குழுவினர் டி.வி.யில் ஒரு நகைச்சுவைக் காட்சி போட்டார்கள். ஓட்டலில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியே வரும். கேட்காமல் வந்து குவிகிற மெயிலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் மளிகைக் கடை டப்பா ஒன்றின் பெயர் உலகம் முழுக்க வசைச் சொல்லாகிவிட்டது பாருங்கள்! அப்படிக் கேட்காமல் வந்த முதல் வியாபார மெயில் என்று சொல்லப்படுவது 1978 மே மாதம் போனது. கேரி தூயெர்க் என்ற கம்ப்யூட்டர் விற்பனைக்காரர் சுமார் 400 பேருக்கு விளம்பரம் அனுப்பி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எங்கள் வீட்டிலும் ஒரு தூயெர்க் இருந்தான். பட்டியல் சேரவில்லை என்று தங்கை மகன் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் என் மகன் உண்மையைச் சொன்னான். அதற்கு முந்தின வருஷம் யாரோ ஒருவரிடம் 3,000 ரூபாய் கொடுத்து, தென்மாவட்ட வியாபாரிகள் என்று 20,000 மெயில் முகவரிகள் வாங்கியிருக்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுக்கும் எங்கள் பட்டியலை அனுப்பியிருக்கிறான். ஒரு ஆர்டர்கூட வரவில்லை. வந்தது கெட்ட பெயர்தான்.

நான் புரிந்துகொண்ட வரையில் விஷயம் இதுதான். முத்திரை இருந்தால் இந்த மெயில் இன்ன கடையிலிருந்து வந்தது என்று உறுதியாகிறது. அந்தக் கடை நல்ல கடையா என்பதை மெயில் கம்பெனிகள் தனியாகக் கணக்கு வைத்துப் பார்க்கின்றன. முகவரியே இல்லாத இடத்துக்கு எத்தனை மெயில் போய்த் திரும்புகிறது, எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள், எத்தனை பேர் ஸ்பேம் பொத்தானை அமுக்குகிறார்கள் என்று பார்க்கிறார்கள். விலைக்கு வாங்குகிற பட்டியலில் செத்துப்போன முகவரிகள் நிறைய இருக்கும். அவற்றில் சில, திருட்டு மெயிலைப் பிடிக்க வைத்த பொறிகள். எலிப்பொறி மாதிரி வைத்துவிட்டு, அதில் யார் மெயில் விழுகிறது என்று பார்த்துக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். 1998-ல் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பு இப்படிப் பட்டியல் வைத்திருக்கிறது. முத்திரை போட்டதால் எங்கள் கெட்ட பெயர் எங்களுடையதுதான் என்பதும் சேர்ந்து உறுதியாகிவிட்டது!

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் கெடுபிடியை அதிகமாக்கிவிட்டார்கள். ஜிமெயில்காரர்களுக்கு நாள் ஒன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்று பூட்டும் கட்டாயம். விளம்பர மெயில் என்றால், வேண்டாம் என்பவர் ஒரே தட்டில் விலகிக்கொள்ள வசதி இருக்க வேண்டும். கேட்டவரை இரண்டு நாளில் நீக்கிவிட வேண்டும். 2025 மே மாதத்திலிருந்து மைக்ரோசாஃப்ட்டும் பெரிய அளவில் அனுப்புகிறவர்களுக்கு மூன்று பூட்டையும் கேட்கிறது. நம்மில் யாரும் நாளைக்கு 5,000 அனுப்பப் போவதில்லை. ஆனால் ஜிமெயிலுக்கு ஒரே ஒரு மெயில் அனுப்புகிற கடைக்கும் முதல் இரண்டு பூட்டில் ஒன்றாவது வேண்டும். ஸ்பேம் என்று அமுக்குகிறவர்கள் ஆயிரத்துக்கு மூன்று என்ற அளவைத் தொடக்கூடாது, ஒன்றுக்குக் கீழே இருப்பது நல்லது என்கிறார்கள். ஆயிரம் வாடிக்கையாளரில் மூன்று பேருக்கு நம் மேல் எரிச்சல் வந்தால் போதும்.

டொமைன் வாங்காமல் ஜிமெயில் முகவரியே வைத்திருக்கிற சிறு கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிமெயிலிலிருந்தே நேராக அனுப்பினால் தொந்தரவில்லை. ஒரு நாளைக்கு 500 பேர் வரை போகும். வெளிக் கம்பெனி வழியாக மொத்தமாக அனுப்பும்போது, அனுப்புநர் இடத்தில் உங்கள் ஜிமெயில் முகவரியைப் போட்டால் சிக்கல். ஜிமெயில் என்ற பெயருக்கு கூகுளே டி.மார்க் உத்தரவு போட்டிருக்கிறது. கூகுள் சர்வரிலிருந்து வராத ஜிமெயில் முகவரி கள்ளக் கடிதமாகத்தான் பார்க்கப்படும்.

கேட்டு அனுப்புவது

எங்கள் பட்டியலை முதலிலிருந்து மறுபடி போட்டோம். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தேன். விலைப்பட்டியல் மெயிலில் வேண்டுமா, ஆம் அல்லது இல்லை, தேதி, கையெழுத்து. ஆம் என்றவருக்கு ஒரே ஒரு மெயில் போகும். அதில் உள்ள இணைப்பைத் தட்டி உறுதி சொன்னால்தான் அடுத்த பட்டியல் போகும். முகவரியைத் தப்பாக எழுதியதும், அடுத்தவர் முகவரியை எழுதியதும் அங்கேயே கழிந்துவிடும்.

நம் வாடிக்கையாளரிடமே அனுமதி கேட்க வேண்டுமா, அது கௌரவக் குறைச்சல் இல்லையா என்று எங்கள் கணக்குப்பிள்ளை கேட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. 340 பேரில் 212 பேர்தான் ஆம் என்றார்கள். சிவகாசிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, ரெண்டு வருஷமா உங்க மெயிலை ஸ்பேம்ல போட்டுக்கிட்டு இருக்கேன். எப்படி நிறுத்தச் சொல்றதுன்னு தெரியல" என்றார். அவர் எங்களிடம் மாதம் தவறாமல் சரக்கு எடுக்கிறவர்! பட்டியல் மட்டும்தான் அவருக்கு வேண்டாம். நிறுத்துவதற்கு வழி வைக்காமல், கோபமில்லாத மனிதரையும் அந்தப் பொத்தானை அமுக்க வைத்திருக்கிறோம். இப்போது ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் விலகிக்கொள்ள ஒரு வரி இருக்கிறது.

சட்டமும் வந்துவிட்டது. 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதற்கான விதிகள் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் என்றால் தெரிந்து, தானாக, தெளிவாகக் கொடுத்த ஒப்புதல் என்கிறது சட்டம். கொடுத்த மாதிரியே சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். நம் நோட்டில் உள்ள தேதியும் கையெழுத்தும் நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஆகும்.

212 பேருக்கு அனுப்பத் தொடங்கி, இன்பாக்ஸில் ஒழுங்காக விழ ஐந்து மாதம் ஆயிற்று. அவசரப்பட்டு எண்ணிக்கையைக் கூட்டவில்லை. உங்கள் மெயில் எப்படிப் போகிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. உங்கள் கடை முகவரியிலிருந்து வீட்டுப் பிள்ளைகள் யாருடைய ஜிமெயிலுக்காவது ஒன்று அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' என்பதைப் பாருங்கள். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் மூன்றுக்கும் நேராக 'பாஸ்' என்று இருந்தால் சரி. இல்லையென்றால் டொமைன் வாங்கிக் கொடுத்தவரை அன்றைக்கே கூப்பிடுங்கள்.

தேனிக்காரர் 2023 பங்குனியில் மறுபடி லோடு எடுத்தார். நான் மூன்று பூட்டு, சீல் என்று போனில் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எங்கள் கணக்கு எண் இன்றுவரை மாறவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பணம் போடுகிறதற்கு முன்னால் அவர் எனக்குப் போன் செய்து, கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் போடுகிறார்.